சௌம்யாவின் ஏழாம் குமிழ்

மைசூரில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர்களில் என் காதுதான் முதல் காது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யாரும் மறுத்ததில்லை. அதற்குக் காரணம் என் காது அல்ல, என் வாய் என்பது போன வருஷம்தான் தெரிந்தது. தெரிய வைத்தவள் சௌம்யா. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மானத்தையும் சேர்த்து ஏலம் போட வேண்டியிருக்கிறது. போகட்டும், எழுதிவிடுகிறேன்.

என் பெயர் நரசிம்மமூர்த்தி. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று, குவெம்பு நகரில் மனைவி ஸரஸாவின் சமையலிலும் கண்டிப்பிலும் வாழ்கிறேன். எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா சிறியது. பாடுவது நான். கீபோர்டு வாசிப்பவன் பவன். வாரநாட்களில் மைசூரின் ஹெப்பாளில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். ரிதம் பேடு தட்டுபவன் தொட்டையன். நாலாவது ஆள் பேஸ் கிடார். பழைய சினிமாப் பாட்டுகளைப் படத்தில் வந்த அதே ஸ்ருதியில், ஓர் இழை இறக்காமல் பாடுவேன் என்பது எங்கள் போஸ்டரின் முதல் வரி. ஊரில் மற்ற பாடகர்கள் வயசானதும் ஸ்ருதியை இறக்கிக்கொள்வார்கள். அவர்களைப் பற்றி நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

சௌம்யா எங்களிடம் வாசிக்க வரவில்லை, ரிப்பேர் பார்க்க வந்தாள். ஆறு வருஷம் இருக்கும். அப்போது எங்களிடம் இருந்த பேஸ் ஆம்ப்ளிஃபயர் ஓயாமல் ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தது. எர்த் இருந்தால்தான் இரைச்சல் வரும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, பிளக்கின் மூன்றாவது காலை நானே குறடால் முறித்துப் போட்டேன். இரைச்சல் குறைந்துவிட்டது. என் மேதைமையை நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனாலும் கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருந்ததால், பவன் தனக்குத் தெரிந்த பெண்ணைக் கூட்டி வந்தான். ஃபேக்டரி யூனிஃபார்மோடு வந்தவள் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கவில்லை. முதலில் பிளக்கைத்தான் கையில் எடுத்தாள்.

“இதோட கால யாருங் ஒடச்சது?”

“நான்தான். இரைச்சல் போயிடுத்து பாரு.”

“போயிருமுங்ண்ணா. ஒரு நா அதுகூடவே நீங்களும் போயிருவீங்க.”

புது பிளக் மாட்டினாள். கீபோர்டுக்கு ஒரு மூலையிலிருந்தும் ஆம்ப்ளிஃபயருக்கு வேறொரு மூலையிலிருந்தும் கரண்ட் எடுத்திருந்ததை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகினாள். இரைச்சல் நின்றது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு வரி வாசித்தாள். தொட்டையன் தானாகவே பேடுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். எங்கள் பழைய பேஸ்காரன் அடுத்த மாதம் ஹாசனுக்கு மாற்றலாகிப் போனான். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகாவில் கௌதள்ளிதான் அவள் ஊர். அப்பா மல்லப்பன் மக்காச்சோளம் போடுகிறவர். அம்மா கௌரம்மா அவரைப் போட்டு வாட்டுகிறவள் என்று சௌம்யாவே சொல்வாள். சாமராஜநகரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தபோது காலேஜ் பேண்டில் பேஸ் கிடாரைத் தொட ஆள் இல்லை. அதை வாசிப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பையன்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள். யாரும் பார்க்காததால்தான் தனக்கு அது பிடித்தது என்பாள். இப்போது முப்பத்தைந்து வயது. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் ஷிஃப்ட் வேலை. எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள். அவள் தமிழைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். சண்டை நிஜமாக முற்றினால் இரண்டு பேரும் கன்னடத்துக்குப் போய்விடுவோம்.

அவளுடைய சொந்த ஆம்ப்ளிஃபயர் வந்த கதையையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஒரு பேண்டு சண்டை போட்டுக் கலைந்தது. அவர்களிடமிருந்து பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி பஸ்ஸில் ஏற்றினாள். சின்ன பீரோ அளவு இருக்கும். கண்டக்டர் லக்கேஜ் எல்லாம் கிடையாது, முழு டிக்கெட் எடு என்று பிடிவாதம் பிடித்தார். எடுத்தாள். எடுத்ததும் பெட்டியை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தாள். ராமநகரத்தில் ஏறின ஒருவர் எழுப்பச் சொன்னபோது, அதற்கும் டிக்கெட் இருக்கிறது என்று டிக்கெட்டைக் காட்டினாள். கண்டக்டரே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். மைசூர் வரைக்கும் அது உட்கார்ந்தே வந்தது.

வந்த பெட்டியை அவள் சும்மா விடவில்லை. சூடானால் அணைந்துவிடுகிறது என்று பழைய கம்ப்யூட்டரின் விசிறியைப் பின்னால் பொருத்தினாள். ஸ்பீக்கரை மாற்றினாள். தூக்க முடியவில்லை என்று அடியில் நான்கு சக்கரம் மாட்டினாள். நஞ்சனகூடில் நடந்த கச்சேரியில் மேடை கொஞ்சம் சரிவு. பேஸ் அதிர அதிர அந்தப் பெட்டி தானாக நகர்ந்து வந்திருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடி முடித்துத் திரும்பினால், என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அலறி மைக்கைக் கீழே போட்டேன். ஜனங்கள் கைதட்டினார்கள். இன்னொரு தடவை ஒரு கல்யாண வரவேற்பில் விசிறி நின்று, பெட்டி சூடேறி, பாட்டின் நடுவில் அணைந்தது. அன்றைக்கே சௌம்யாவிடம் சொல்லிவிட்டேன்: மூன்றாவது முறை மேடையில் இந்தப் பெட்டி என் மானத்தை வாங்கினால், பேஸை பவன் தன் இடது கையால் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வான், அவள் வர வேண்டாம்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. “ஆறு நாளு போர்டு பீப் பீப்னு கத்தறதத்தான் கேக்கறனுங்ண்ணா. ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் என்னுது” என்றாள். நான் மனசு இளகாதவன் போல வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் குமிழ். பாடிக்கொண்டிருக்கும்போது எனக்கு அடிக்கடி பேஸ் ஜாஸ்தியாகத் தெரியும். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி, குறை என்பேன். ஆரம்பத்தில் சௌம்யா வாதாடினாள். கூடம் எதிரொலிக்கிறது, பெட்டி சரியாகத்தான் இருக்கிறது என்றாள். என் காதோடு யார் வாதாட முடியும்? ஒரு நாள், பெட்டியின் முன்பக்கத்தில் ஆறு குமிழ் இருந்த வரிசையில் ஏழாவதாக ஒன்று முளைத்திருந்தது. ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள். மேலே வெள்ளைக் காகிதத்தில் ‘வாய்ஸ்’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தது.

“இது பாடறவங்களுக்குன்னே போட்டதுங்ண்ணா. இத திருப்புனா உங்க கொரலுக்கு அடியில வர்ற பேஸ் மட்டும் வெலகிக்கும்.”

அன்று நான் கை காட்டியதும் அதைக் கால் வட்டம் திருப்பினாள். அடடா, என் குரல் வெண்ணெயாக வந்தது. அதன்பிறகு நாலு வருஷம் எந்த மேடையிலும் எனக்குக் குறையே இல்லை. வேறு ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் அந்தக் குமிழைப் பற்றிப் பேசினேன். பன்னிமண்டபம் பேட்டையைச் சேர்ந்த ஒருவர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். தொழில் ரகசியம் என்று மறுத்தேன்.

போன தசராவுக்கு வருகிறேன். ஆர்க்கெஸ்ட்ராவின் சாமான்கள் எல்லாம் என் கார் ஷெட்டில்தான் இருக்கும். ஆயுத பூஜைக்கு சௌம்யா ஊருக்குப் போனாள். போகும்போதே, “பொட்டிக்கு மேல மட்டும் ஒரு பொட்டு வைங்ண்ணா, போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. சந்தனத்தைக் குழைத்துக் கீபோர்டுக்கு வைத்தேன், பேடுக்கு வைத்தேன். அவள் பெட்டிக்கு வந்தபோது பக்தி முற்றியிருந்தது. ஏழு குமிழுக்கும் ஏழு பொட்டு. குமிழ்களுக்குப் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை தெரிந்தது. கிடார் ஒயரைச் சொருகுகிற இடம். அதை மட்டும் விட்டுவைப்பானேன் என்று சுட்டுவிரல் நுனியால் உள்ளே நன்றாக அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் அப்பினேன். தீர்த்தம் வேறு தெளித்தேன். ஸரஸா பார்த்துவிட்டு, “பெருமாளுக்குக்கூட நீங்க இவ்வளவு வெச்சதில்லையே” என்றாள்.

விஜயதசமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாளில் ஒரு குடியிருப்பு லேஅவுட்டின் தசரா விழாவில் எங்கள் நிகழ்ச்சி. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பம். சௌம்யா ஊரிலிருந்து நேராக மேடைக்கே வந்து, பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சொருகி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது பாட்டிலேயே பேஸ் கரகரத்தது. நான் கை காட்டினேன், அவள் ஏழாம் குமிழைத் திருப்பினாள், எனக்குத் திருப்தி. நாலாவது பாட்டில் பேஸ் அடியோடு நின்றது. பாட்டு அந்தரத்தில் தொங்கியது. லேஅவுட் சங்கத் தலைவி அஷ்வினி நல்ல பெண்மணி. நிலைமையைப் பார்த்து உடனே மைக்கை வாங்கி, ரங்கோலிப் போட்டிப் பரிசுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்.

இருபது நிமிஷம் கிடைத்தது. சௌம்யா முதலில் ஒயரை மாற்றிப் பார்த்தாள். அது இல்லை. கிடாரின் பேட்டரியைப் பார்த்தாள். அதுவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சட்டென்று கை வைக்கக் கூடாது, உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பின்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, உள்ளே இருந்த இரும்புத் தட்டை வெளியே இழுத்தாள். நான் போன் வெளிச்சம் பிடித்தேன்.

சொருகும் ஓட்டைக்கு உள்ளே காய்ந்த மஞ்சள் களிம்பு. கிடார் ஒயரைத் தொட வேண்டிய தகட்டின் மேல் அப்பிக்கொண்டிருந்தது. சுரண்டி மோந்து பார்த்தாள்.

“சந்தனமுங்ண்ணா.”

என் கண் அதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது. குமிழ்களின் பின்பக்கம் வரிசையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று கால், ஒவ்வொரு காலிலும் ஈயம் வைத்த ஒயர். முதல் குமிழ், இரண்டாவது, ஆறாவது வரை அப்படித்தான். ஏழாவதன் மூன்று கால்களும் கடையில் வாங்கின மினுமினுப்புடன் காற்றில் நின்றன.

“இதுக்கு ஒயர் எங்கே?”

சௌம்யா ஈரம் துடைக்கிற துணியைத் தேட ஆரம்பித்தாள்.

“சௌம்யா, இதுக்கு ஒயர் எங்கேன்னு கேக்கறேன்.”

“இல்லீங்ண்ணா.”

“அறுந்துடுத்தா?”

“எப்பவுமே இல்லீங்ண்ணா.”

நான் தொட்டையனைப் பார்த்தேன். அவன் பந்தலில் கட்டியிருந்த மாவிலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பவன் செருப்பின் வாரைச் சரிசெய்தான். “சார், பேஜார் பண்ணிக்காதீங்க” என்றான். நாலு வருஷம்! வெறும் பிளாஸ்டிக் குமிழைத் திருப்பிவிட்டு இவர்கள் எனக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறார்கள். பன்னிமண்டபத்துக்காரரிடம் தொழில் ரகசியம் என்று சொன்னேனே, அதை நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் தகட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து, பெட்டியை மூடி, பரிசளிப்பு முடிவதற்குள் வாசிக்கத் தயாராகிவிட்டாள். மீதிப் பாட்டுகளை நான் கோபத்திலேயே பாடினேன். ஒரு தடவைகூடக் கை காட்டவில்லை. நிகழ்ச்சி முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் கன்னடத்துக்குப் போனேன். மூன்றாவது முறை பெட்டி நின்றது, சொன்னது சொன்னதுதான், இனி வர வேண்டாம் என்றேன். அவள் தமிழிலேயே நின்றாள்.

“மூணாவது உங்க சந்தனமுங்ண்ணா.”

“எதானா என்ன? நின்னுது இல்லையா?”

அவள் கிடாரை உறையில் போட்டு மூடினாள். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், தொட்டையனின் உதவியோடு ஒரு கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தப்பு என் விரலில் இருந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஸரஸாவிடம் குமுறினேன். குமிழுக்கு ஒயரே இல்லை, எல்லாரும் சேர்ந்து மோசம் பண்ணியிருக்கிறார்கள் என்றேன். அவள் முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“ஏன்னா, அதுல ‘வாய்ஸ்’னு எழுதி ஒட்டியிருக்கே, அது யார் எழுத்துன்னு ஒரு நாளாவது பார்த்தேளா?”

முப்பத்தொரு வருஷம் மளிகைச் சீட்டில் பார்த்த எழுத்து. நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் முதல் தேதி கன்னட ராஜ்யோத்ஸவத்துக்கு எங்கள் பேட்டையிலேயே நிகழ்ச்சி. பவன் இடது கையால் பேஸ் வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். மூன்றாவது பாட்டில் சரணம் மேலே ஏறுகிற இடத்துக்கு முன்னால் எனக்கு வழக்கம்போல பேஸ் ஜாஸ்தியாகத் தெரிந்தது. கை காட்டினேன். பவன் நல்ல பையன், சொன்னதைச் செய்கிறவன், நிஜமாகவே குறைத்துவிட்டான். அடியில் ஒன்றுமே இல்லாமல் என் குரல் மட்டும் தனியாக மேலே போயிற்று. போய், உடைந்தது. முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த பாட்டிலும் அதே இடம், அதே உடைசல். எனக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, மூளை கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் கை காட்டுகிற இடம் எப்போதும் ஒரே இடம். எனக்குப் பயமாக இருக்கிற இடம்.

மறுநாள் மத்தியானம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ஹெப்பாளில் அவள் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றேன். கம்பெனி பஸ்ஸில் ஏறப் போனவள் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

“மேல போற வரிக்கு முன்னாலதானே நான் கை காட்டறேன்?” என்றேன் கடைசியில்.

“ஆமாங்ண்ணா.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“மொதல் வருசமே தெரியுமுங். பேஸ நெசமாக் கொறச்சா உங்களுக்குப் புடிமானம் போயிருமுன்னுதான் அத மாட்டுனேன். திருப்புறதப் பாத்தா உங்களுக்குத் தெம்பு வருது. தெம்பு வந்தா பாதி நாளு அந்த வரியும் வந்துருதுங்.”

சிரிக்கத்தான் அதை மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தனம் வைத்தது என் தப்பு, உன்னை அனுப்பினது அதைவிடப் பெரிய தப்பு, திரும்பி வா என்று டீக்கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அவள் கண் கலங்கியது. ஆனால் உடனே சரி என்று சொல்லிவிடுகிற ஆளா அவள்?

“வர்றனுங்ண்ணா. ஆனா நீங்க ஸ்ருதிய அரை எறக்கோணும்.”

போஸ்டரின் முதல் வரி! முப்பது வருஷத்துப் பெருமை! இரண்டாவது டீ ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு காலை கார் ஷெட்டில் ஒத்திகை. சௌம்யா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஸரஸா எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் எழுந்து நின்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். கலைஞன் என்பவன் காலத்தை மதிக்க வேண்டும், இன்று முதல் நான் அரை ஸ்ருதி இறக்கிப் பாடப்போகிறேன், இது என் சொந்த முடிவு என்றேன். ஐயோ வேண்டாம் சார் என்று யாராவது தடுப்பார்கள் என்று கொஞ்சம் நிறுத்தினேன். யாரும் தடுக்கவில்லை. பவன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“சார்… அது ரெண்டு வருஷம் முந்தியே அரை எறக்கியாச்சு சார். இதுல ஒரு பட்டன் இருக்கு. சௌம்யா அக்கா கிடார்லயும் கம்பி எறக்கித்தான் கட்டியிருக்காங்க.”

இரண்டு வருஷமாக நான் ஒவ்வொரு மேடையிலும் அதே ஸ்ருதி, ஓர் இழை இறக்கவில்லை என்று அறிவித்துவிட்டுப் பாடியிருக்கிறேன். ஸரஸாவைப் பார்த்தேன். அவள் காபி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். சௌம்யாவைப் பார்த்தேன். அவள் கிடாரின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோய், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

“அப்ப இன்னொரு அரைங்ண்ணா” என்றாள்.

பாடினேன். சரணம் வந்தது. மேலே ஏறுகிற வரி வந்தது. கை காட்டாமல் ஏறினேன். பல வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் பயமில்லாமல் நின்றேன். கீழே அவள் வாசிக்கிற பேஸ் தரை மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அதை யாருக்கும் காட்டக் கூடாது என்று பாட்டை நிறுத்தி, தாளம் தப்புகிறது என்று தொட்டையனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

தொட்டையன் தலையைக் குனிந்துகொண்டு, “தப்பாச்சு சார்” என்றான். அவன் தாளம் தப்பவேயில்லை.